தட்டைப்பயறு நெற்று முறுக்கி வெடித்த கதை

இதை எனக்கு முதலில் சொன்னது வெள்ளத்தாய் மதினி. என் பெரியவளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மறுமாசம், நாங்கள் இருவரும் விடியலில் பயறு பறித்துக்கொண்டிருந்தோம். மதினி சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். விட்டுப்போனது இருந்தால் சாமி மன்னிக்கட்டும்.

அந்தக் காலத்தில், ஊர்வனவற்றுக்கும் செடிகொடிக்கும் மனுசரைப் போலவே வாய் இருந்ததாம். அப்போது தட்டைப்பயற்றின் காய்ந்த காய்க்கு, அதான் நெற்றுக்கு, திறப்பே கிடையாது. எவ்வளவு காய்ந்தாலும் இறுகி மூடியே இருக்கும். கல்லை வைத்து உடைத்துத்தான் பயறு எடுக்க வேண்டும். உடைக்கும்போது பாதிப் பயறு தோல் உரிந்து, பருப்புப் பிளந்து போய்விடும். பிளந்ததை விதைத்தால் முளைக்காது. வைத்திருந்தால் அதில்தான் முதலில் வண்டு விழும்.

கரிசக்காட்டில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். மூன்று பிள்ளைகள், கண் தெரியாத மாமியார். இரண்டு வருசம் மழை இல்லை. மூன்றாம் வருசம் சாமி கண் திறந்து மழை பெய்தது. மிச்சமிருந்த ஒரு கலயம் விதையை அவள் சாமி கும்பிட்டு விதைத்தாள். இந்த வெள்ளாமையில் முழுப் பயறாக விதைக்குத் தேறினால் ஊரில் இருக்கலாம். தேறாவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

செடி நன்றாகக் காய்த்தது. முன்னொரு வருசம் அவசரப்பட்டுப் பச்சையாகப் பறித்துக் குவித்து, குவியல் சூடேறிப் பூசணம் பூத்துப் போனது சடைச்சிக்கு மறக்கவில்லை. அதனால் நெற்று பழுப்பேறும் வரை பொறுத்திருந்து, பிறகுதான் கூடையோடு போனாள்.

"தாயி, முத்திக் காஞ்சிருச்சே. பறிச்சுக்கிடட்டுமா?"

"இன்னும் ரெண்டு நாள் எங்கிட்ட இருக்கட்டும் பிள்ளே," என்றது செடி.

இரண்டு நாள் கழித்துப் போனாள். "கொஞ்சம் பொறு. இப்பத்தான் உள்ள பிள்ளைக அசந்து தூங்குதுக," என்றது. அதற்கப்புறமும் போனாள். நெற்றைப் பிடித்து இழுத்தால் செடி காம்பை விடவே இல்லை.

வரப்பில் கிடந்த ஓணான் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தது. "ஏ சடைச்சி, கூடையைத் தூக்கிட்டு வாறதும் போறதுமா இருக்கியே, காத்தையா அள்ளிட்டுப் போற?"

"உனக்கென்னடா, தலையாட்டுறதுதான் சோலி. எனக்கு நாலு வயிறு வீட்டுல காத்துக் கிடக்கு," என்றாள் சடைச்சி. பிறகு செடியிடம் திரும்பினாள். "வானம் மூடிக்கிட்டு வருது தாயி. நனைஞ்சா எல்லாம் போயிரும்."

"என் மடியை விட்டா அதுகளுக்கு எது பத்திரம்?" என்றது செடி. சடைச்சி வெறுங்கூடையோடு வீட்டுக்குத் திரும்பினாள். அவளும் பெற்றவள்தானே.

மறுநாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்துப் பாத்தியெல்லாம் நெற்று ஊறிப்போனது. உள்ளே பயறு உப்பி, கறுத்து, சிலது இருந்த இடத்திலேயே முளைவிட்டது. முளைவிட்டாலும் மண் ஏது? "அம்மா, மூச்சு முட்டுதே" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது. செடி பதறிப்போய்க் கூப்பிட்டது. சடைச்சி மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்து கல்லால் தட்டினாள். ஊறிய பயறு நசுங்கி மாவாகத்தான் வந்தது.

"நான்தான் கெடுத்தேன். விடாமப் பிடிச்சே கெடுத்துட்டேன்," என்று செடி அழுதது. சடைச்சி திட்டவில்லை. அதன் தூரில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மழை விட்டது. மேட்டுப் பாத்தியில் மட்டும் தண்ணீர் தங்காமல், ஊறாத நெற்று கொஞ்சம் மிஞ்சி இருந்தது. அடுத்த இரண்டு நாளும் நல்ல வெயில். மூன்றாம் நாள் உச்சி வேளையில் மேற்கே மறுபடியும் மேகம் கறுத்தது. செடி அதைப் பார்த்தது. உள்ளே இருக்கும் பிள்ளைகளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டது. பிறகு தன் பலத்தையெல்லாம் கூட்டி, நெற்றைத் தானே முறுக்கியது.

படீரென்று ஒரு கொத்து நெற்று இரண்டிரண்டாகப் பிளந்து சுருண்டது. பயறு நாலா பக்கமும் தெறித்தது. ஒன்றுகூடத் தோல் உரியவில்லை. எல்லாம் முழுசு, எல்லாம் மினுமினுப்பு. ஓணானின் மண்டையில் ஒன்று விழ, அது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

சடைச்சி ஓடிவந்து மண்டிபோட்டுப் பொறுக்கினாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "தாயி, நல்லாத்தான் குடுத்த. ஆனா இப்படி விசிறினா நான் எந்த மண்ணு வெடிப்புல போய்த் தேட?"

செடிக்கு மூச்சு வாங்கியது. "விடியக்காலம் பனியில நெத்து நனைஞ்சிருக்கும்போது வா பிள்ளே. அப்ப முறுக்க மாட்டேன், மூடியே வச்சிருப்பேன். நெத்தோட பறிச்சுக் களத்துல காயப்போடு. கல்லு வேண்டாம், சும்மா கம்பால தட்டு, வந்துரும். வெயிலேற வந்தேன்னா மண்ணுக்குக் குடுத்திருவேன். கோவிச்சுக்கிடாத, மண்ணும் அதுகளுக்கு வீடுதான்."

கறுத்த மேகம் அன்று பெய்யாமல் கலைந்து போனது. மறுநாள் பனியோடு பனியாகச் சடைச்சி போனாள். பள்ளத்தில் போனது போனதுதான். ஆனால் மேட்டில் மிஞ்சியது விதைக்கும் தேறியது, பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கும் ஆயிற்று. முதல் நெற்றைப் பறித்ததும் அவள் கூடையில் போடவில்லை. இரு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று தொடங்கித்தான் தட்டைப்பயறு நெற்று வெயிலேறினால் தானே முறுக்கி வெடிக்கிறது. பனி காயுமுன் பெண்கள் பயறு பறிக்கப் போவதும், முதல் நெற்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் அன்று வந்த வழக்கம்தான். யாரும் விதைக்காத கரையில் மறு வருசம் நாலு பயற்றுச்செடி முளைத்து நிற்பதும் அதனால்தான்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டில் பயறு புடைக்கும்போது முறத்திலிருந்து ஒன்றிரண்டு தெறித்து ஓடும். அதை மிதித்துவிடாதீர்கள். எடுத்து, வாசல் மண்ணில் போட்டுவிடுங்கள்.