சொன்ன பேச்சைக் கேட்ட ஓடுகள்

மேகங்கள் கிணற்றடிக்கு வந்து தண்ணீர் குடித்துப் போன அந்தக் காலத்திலே, கொன்றைபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் ராஜாவுக்கு ஒரே குறை. "நான் சொன்னதை யாருமே கேட்பதில்லை!" என்று எந்நேரமும் புலம்புவார்.

ஒருநாள் காளகண்டன் என்ற மந்திரவாதி வந்தான். தலையிலே கோபுரம் மாதிரி கொண்டை.

"ராஜா, இனிமேல் பேரைச் சொன்னாலே பொருள்கள் வேலை செய்யும். ஒரே நிபந்தனை. என் தலையில் இருப்பதைக் கொண்டை என்று சொல்லலாம், சடை என்று சொல்லலாம், குடுமி என்று சொல்லலாம். இன்னொரு பேர் சொன்னால் நாக்கை அறுப்பேன்."

"சரி!" என்றார் ராஜா. யோசிக்கவே இல்லை.

அவ்வளவுதான். எந்தப் பொருளைப் பார்த்துப் பேரைச் சொன்னாலும், பேருக்குள் இருக்கிற வேலையை அது செய்தது. ஆடு என்றால் ஆடு ஆடியது. ராணி நகை என்றாள். பெட்டிக்குள் அட்டிகை கெக்கெக்கே என்று நகைத்தது. தட்டு என்றால் சோற்றோடு போய்க் கதவைத் தட்டியது. ஜனங்கள் சலித்துப்போய் ஆட்டை, நகையை, தட்டுக்கு என்று சொல்லுக்கு வால் ஒட்டிப் பேசினார்கள். வால் இருந்தால் மந்திரம் பிடிக்காது.

அந்த ஊரில் மாதங்கி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பூவண்ணன் வாயில் மட்டும் அந்த வால் நிற்கவே இல்லை.

"மாதங்கி, நம்ம வீட்டு ஓடு..."

தடதடதட! கூரையிலிருந்து குதித்து ஓடுகளெல்லாம் தெருவில் ஓடின.

"ஐயோ! எத்தனை தரம் சொல்றது? 'ஓட்டை'ன்னு சொல்லுங்க!"

"ஓட்டைன்னா பொத்தல்னு ஆயிடுமே?"

"இப்ப மட்டும் என்ன ஆயிருக்காம், கூரை பூரா?"

தொட்டிலில் குழந்தைக்குக் காய்ச்சல். நன்றாகத் தூங்கினால்தான் இறங்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மழையோ இருட்டிக்கொண்டு வந்தது. மாதங்கி ஓடுகளைத் துரத்திப் பிடித்துக் கூரையில் அடுக்கினாள். குழந்தைக்குக் கண் சொருகியது.

"ஆடு கத்துது" என்றான் பூவண்ணன். ஆடு ஆடியது, கழுத்து மணி குலுங்கியது, குழந்தை வீரிட்டது.

மறுபடி தாலாட்டு. மறுபடி கண் சொருகியது. பூவண்ணன் பயந்துபோய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். மாதங்கி திரும்பினாள்.

"விளக்கு ஏத்தணும்..."

"ஒளி என்பது யாதெனில்..." என்று விளக்கு கணீரென்று ஆரம்பித்தது. குழந்தை வீரிட்டது.

மாதங்கிக்கு அழுகையே வந்துவிட்டது. "கேட்காததையெல்லாம் சொல்லு! எந்தப் பேரைச் சொன்னாலும் கூத்தாடுற ஊர்ல, அந்த ஒரு பேரை மட்டும் ஏன் சொல்லக் கூடாதாம்? அதை விளக்கு!"

"அவன் மாயமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, அம்மா. பேர் காதில் விழுந்தால் அதுவும் தன் வேலையைச் செய்துதானே ஆக வேண்டும்? ஆகவே முதற்கண்..."

"போதும்டாப்பா!" குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள்.

சிங்காசனத்தில் காளகண்டன் உட்கார்ந்திருந்தான். ராஜா பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க தலையில இருக்கிறது என்ன?"

"கொண்டை."

"இல்லையே."

"சடை!"

"அதுவும் இல்லையே."

"குடுமி! நாக்கு பத்திரம், பெண்ணே!"

மாதங்கி அதை நிமிர்ந்து பார்த்தாள். வால் ஒட்டாமல் சொன்னாள்.

"முடி!"

கொண்டை நடுங்கியது. புரிபுரியாய் அவிழ்ந்தது. சொன்னபடியே மாயம் முழுவதையும் முடித்துவிட்டு, பொத்தென்று தரையில் விழுந்தது. காளகண்டன் மொட்டைத் தலையைப் பொத்திக்கொண்டு கோட்டை வாசல் தாண்டி ஓடினான். அவனை யாரும் ஓடு என்று சொல்லவில்லை.

"என்ன வேண்டும், கேள் தாயே! பொன்னா? பூமியா?"

"இன்னிக்கு ஒரு ராத்திரி ஊர்ல யாரும் வாயைத் திறக்கக் கூடாது, மகாராஜா."

ராஜா ஆணையிட்டார். முதல்முறையாக, அவர் சொன்னதை ஊரே கேட்டது.

மழை பிடித்துக்கொண்டது. "மாதங்கி..." என்று பூவண்ணன் கிசுகிசுத்தான், "நம்ம ஓடு..." நாக்கைக் கடித்துக்கொண்டான். இருவரும் மூச்சைப் பிடித்துக் கூரையைப் பார்த்தார்கள்.

ஒன்றுகூட அசையவில்லை. சமர்த்தாக நனைந்துகொண்டிருந்தது ஓடு. தொட்டிலில் குழந்தையின் நெற்றி வியர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது.

நீங்களும் எழுந்து போகும்போது கொலுசைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை தூங்குகிறது.