செத்தவர் போட்ட கையெழுத்து

ஓர் ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. அங்கே மாசிலாமணி என்பவர் "ஊர் சொல்றதுதான் சட்டம்" என்று ஒரே பேச்சைப் பேசி ஊராட்சித் தலைவரானார். ஜெயித்த கையோடு கிராம சபையைக் கூட்டினார். வேறு மதத்துக்குப் போனவர்களுக்கு ஊர்ப் பொது இடுகாட்டில் இடமில்லை என்று தீர்மானம் கொண்டுவந்தார். விசில் பறந்தது.

அந்த ஊரில் ஒரு பழக்கம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் நுழைந்ததுமே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தீர்மானத்தை அதற்கு மேலே பிறகுதான் எழுதுவது. எழுதுகிறவள் ஊராட்சிச் செயலர் தில்லைக்கரசி. பதினாறு வருஷமாக எழுதி எழுதி, என்ன எழுதுகிறோம் என்று பார்ப்பதையே விட்டுவிட்டாள், பாவம்.

மூன்றாம் மாதம் தையற்காரர் சூசைராஜ் செத்துப்போனார். மதம் மாறி இருபது வருஷமானவர். விடிந்ததும் அவர் மனைவி அற்புதமேரி அடக்கச் சீட்டு கேட்டு அலுவலகத்துக்கு வந்து நின்றாள். சீட்டு இல்லாமல் குழி வெட்ட மாட்டார்கள். சித்திரை வெயிலில் உடல் மாலைவரை தாங்காது.

மாசிலாமணி புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். "நல்லா பாருங்கம்மா, இது உங்க வீட்டுக்காரர் கையெழுத்துதானே? அவரே வேணாம்னு விட்ட இடம். நான் என்ன பண்ண?"

"கூட்டத்துக்கு வந்ததுக்குப் போட்டதுங்க அது."

"அப்ப கை தூக்கினது? முன்வரிசையில உட்கார்ந்து, எல்லாரோடயும் சேர்ந்து தூக்கினாரே!"

அது உண்மைதான். சுற்றிலும் அத்தனை கை எழும்போது அவர் ஒருவர் மட்டும் எப்படிச் சும்மா இருப்பார்? "நீதாம்மா பார்த்துச் செய்யணும்" என்று அற்புதமேரி தில்லைக்கரசியிடம் திரும்பினாள்.

சீட்டு எழுதினால் வேலைக்கு உலை. எழுதாவிட்டால் பிணம் வெயிலில் கிடக்கும். தில்லைக்கரசிக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது.

நீங்களே சொல்லுங்கள். ஊரே கை தூக்கியது, செத்தவரும் தூக்கினார். தில்லைக்கரசி சீட்டு எழுதுவது சரியா, மறுப்பது சரியா?

விடை: எழுதுவதே சரி. பயந்துபோய்த் தூக்கினார் என்றெல்லாம் அவருக்காக வாதாட வேண்டாம். மனதாரத் தூக்கியிருந்தாலும் செல்லாது. அடிப்படை உரிமை ஊர் கொடுத்ததல்ல, ஊர் கூடிப் பிடுங்குவதற்கு. உரியவரே வேண்டாமென்றாலும் அது அவரை விட்டுப் போகாது. தில்லைக்கரசி எழுதினாள், மூன்று மணிக்கு அடக்கம் முடிந்தது. அடுத்த கிராம சபையில் அவளை ஊரைவிட்டு மாற்ற வேண்டும் என்று தீர்மானம் வந்தது. அற்புதமேரியும் கை தூக்கினாள். அவளும் அந்த ஊரில்தானே பிழைக்க வேண்டும்?