சின்னப் பெட்டியில் ஓடுமா

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்து நான்கு. திருச்சியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் கோத்துக் கொடுக்கிற கடை ஜெசிந்தாவுடையது. டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த தணிகைவேல் வேலையை விட்டுவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தார். "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை "அண்ணே" என்பாள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், கற்றுக்கொடுக்கிறவர்தானே மாஸ்டர்.

அவர் வந்ததே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிக்காகத்தான். மகன் பரிதிக்குப் பதினேழு வயது. தசை தேய்கிற நோய். கால் எப்போதோ போய்விட்டது, இப்போது கையும் போய்க்கொண்டிருந்தது. தை மாதம் வரப்போகிற புது கேமுக்காக அந்தப் பிள்ளை இரண்டு வருடமாகக் காத்திருந்தான். வீடே ஒரு ஹால்தான். கட்டில் போக, மூச்சு மெஷின் போக, டிவிக்குப் பக்கத்தில் மிஞ்சியது ஒரு சாண் இடம். பெரிய பெட்டிக்கு வழியே இல்லை.

இதில் ஒரு வார்த்தைகூட அவர் கடையில் சொன்னதில்லை. பையன் கேம் பைத்தியம், நாள் முழுக்க விளையாடுவான் என்று மட்டும் அளந்து வைத்திருந்தார். அப்படிச் சொல்லும்போது அவருக்கே கொஞ்ச நேரம் அது நிஜமாக இருந்தது, பாவம்.

கேம் வந்தது. தன் கையாலேயே கோத்த ஷூ டப்பா அளவுப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"மாஸ்டர், இதுல ஓடுமா?"

ஜெசிந்தா கேமைப் பெட்டியில் ஏற்றினாள். செட்டிங்ஸில் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து, கேமை ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் மழை பெய்தது. ஒவ்வொரு இலையும் தனித்தனியாக நனைந்தது. தணிகைவேல் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். இருபத்தைந்தாவது நிமிடம் பெட்டி கொதித்துப்போய், படம் திக்கத் தொடங்கியது.

பிறகு அவள் செட்டிங்ஸில் நிழலை எடுத்தாள். மழையைக் குறைத்தாள். தூரத்து மலையை மங்கவிட்டாள். மதியச் சாப்பாடு வரைக்கும் திக்காமல் ஓடியது. இப்படி வைத்துக் கொடுத்தால் நாளெல்லாம் ஓடும் என்றாள்.

அவருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு வருடம் காத்திருந்த பிள்ளைக்கு இதையா கொண்டுபோய்க் காட்டுவது? இன்னொரு ஃபேன் போட்டால் என்ன என்று இழுத்தார். இந்தக் கூட்டில் அதற்கு இடம் ஏது என்றாள் அவள்.

"தம்பி ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் விளையாடுவான், அண்ணே?"

நாள் முழுக்க என்று வாய்வரை வந்துவிட்டது. மாஸ்டர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"இருபது நிமிஷம், மாஸ்டர். அதுக்குள்ள விரல் ஓஞ்சிடும். போன மாசம் நாப்பது நிமிஷம் விளையாடினான்."

சொல்லிவிட்டு, பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜெசிந்தா அவரை அழவிட்டாள். ஒரு கையால் மௌஸை இழுத்து, நிழலைத் திரும்ப வைத்தாள். மழையைத் திரும்ப வைத்தாள். மலையையும்.

"அப்ப எதையும் குறைக்க வேண்டாம், அண்ணே. இருபது நிமிஷம் பெட்டி தாங்கும். இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க."