உடையாத, முழுங்க முடியாத, சின்னப் பொம்மை

வரைபடத்தில் தேடினால் பூசணிக்குறிச்சி கிடைக்காது. அளக்க வந்த அதிகாரி, சங்கிலியின் ஒரு முனையை ஊர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்து, "நான் வரும்வரை இதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு மறுமுனையோடு போனார். மழை பிடித்துக்கொண்டது. அதிகாரி அப்படியே தம் ஊருக்குப் போய்விட்டார். பிடித்தவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். வேளாவேளைக்குச் சோறு போகிறது.

இந்த ஊரில் பொதுக்காரியத்துக்கு எதை வாங்கினாலும் மூன்று பேர் சோதித்த பிறகுதான் வாங்குவார்கள். ஒருவர் பார்ப்பார், ஒருவர் தட்டுவார், ஒருவர் நாக்கில் வைப்பார். பானைக்கும் வெல்லத்துக்கும் ஏற்பட்ட வழக்கம் இது. காளை வாங்கினாலும் மாற்றியதில்லை. மூன்றும் பரம்பரைப் பதவிகள். ஆகவே, பார்வைக்காரரான ஆண்டியப்பனுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து பத்து வருஷமாகியும் வேலை போகவில்லை. தட்டுக்காரன் கொத்தாளத்திடம் அவன் பாட்டன் காலத்து ஆற்றுக் கல் ஒன்று இருந்தது. நாக்குக்காரன் வடமலை மட்டும் பதவிக்குப் புதியவன். கோயிலுக்கு வாங்கிய சுண்ணாம்பை ருசி பார்த்த நாளிலிருந்து அவன் அப்பா பேசுவதில்லை. அதனால் நாக்கு மகனிடம் வந்தது.

ஒரு திங்கட்கிழமை நர்ஸ் எஸ்தர் வந்து பஸ் நிற்குமிடத்துப் புங்கமரத்தடியில் மூவரையும் கூப்பிட்டாள்.

"போன மாசம் ஊசி போட வந்தப்ப மூணு பிள்ளைதான் வந்துச்சு. மத்ததெல்லாம் முந்திரி மரத்துல ஏறி உக்காந்துக்கிச்சு. வர்ற வெள்ளிக்கிழமையும் இதே கதைன்னா முகாமைப் பக்கத்து ஊருக்கு மாத்திடுவாங்க. வடமலையண்ணே, உங்க மக மேகலைக்கு ரெண்டு ஊசி பாக்கி. ஞாபகம் இருக்குல்ல?"

வடமலைக்கு ஞாபகம் இருந்தது. போன கோடையில் மேகலைக்குக் காய்ச்சல் கண்டபோது, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆறு மைல் நடந்தவன் அவன். வழியெல்லாம் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே போனான். அவனுக்குப் பத்து வரைதான் எண்ணத் தெரியும். பத்து வந்ததும் பயந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான்.

"நான் என்ன செய்யணும் தாயி?" என்றான்.

"பிள்ளைகளுக்கு ஆசை காட்டணும்ணே. புதன்கிழமை சந்தையில விளையாட்டுச் சாமான் வாங்கி வைங்க. சின்னதா இருக்கட்டும், விலை கம்மியா இருக்கட்டும். உடையக் கூடாது. முழுங்குற மாதிரி இருக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும், இல்லேன்னா அடிச்சுக்குவாங்க. முக்கியமா, ஊசி போட்டப்புறந்தான் கண்ணுல காட்டணும்."

அவள் போன பிறகு மூவரும் மரத்தடியிலேயே உட்கார்ந்து யோசித்தார்கள்.

"சின்னதுன்னா எதைவிடச் சின்னது?" என்றார் ஆண்டியப்பன்.

"யானையைவிடச் சின்னதுன்னா எருமை கூட வாங்கலாம் மாமா" என்றான் கொத்தாளம்.

"பிள்ளையைவிடச் சின்னதுன்னு வச்சுக்குவோம். மேகலையை அளந்து எடுத்துட்டுப் போவோம்" என்றான் வடமலை.

கொச்சக்கயிறு கொண்டுவந்து, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை பிடித்து, தூங்கிக்கொண்டிருந்த மேகலையை அளந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. வளர்ச்சிக்கென்று ஒரு விரல் கூட்டி முடிச்சுப் போட்டார்கள்.

புதன்கிழமை சந்தையில் ரகமத்துல்லா பாய் கடை முன்னால் மூவரும் வந்து நின்றார்கள். பம்பரம், கிலுகிலுப்பை, பிளாஸ்டிக் கார், தகர ஊதல், தலையாட்டிப் பொம்மை எல்லாம் பரப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார் பாய். வடமலை ஒவ்வொன்றாகக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். எல்லாமே மேகலையைவிடச் சின்னவை.

"பாய் நல்ல சரக்குதான் வச்சிருக்காரு" என்றான்.

ஆண்டியப்பன் ஒரு கிலுகிலுப்பையை மூக்கின்மேல் வைத்துப் பார்த்தார். "கண்ணுக்கு லட்சணமா இருக்கு. என்னன்னுதான் தெரியல."

பார்வை தேறியது. அடுத்தது தட்டு. கொத்தாளம் கல்லை எடுத்து, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, கிலுகிலுப்பையின் தலையில் ஒன்று போட்டான். உள்ளே இருந்த மணிகள் சந்தையெல்லாம் ஓடின.

"இது ஆகாது" என்றான். காரைத் தட்டினான். அதுவும் ஆகவில்லை. தலையாட்டிப் பொம்மையைத் தட்டினான். அது கடைசியாக ஒருமுறை ஆட்டிவிட்டு ஓய்ந்தது. பாய் டீ குடித்துவிட்டுத் திரும்பிவந்தபோது கடையில் முழுசாக இருந்தவர் அவர் மட்டுந்தான். அவரைத் தவிர, தகர ஊதல் ஒன்று கல்லுக்குத் தப்பி ஓரமாகக் கிடந்தது.

"அடப் பாவிகளா! என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

"சோதனை பாய். ஒண்ணும் தேறல" என்றான் கொத்தாளம் வருத்தத்தோடு. "உங்களை நம்பித்தான் வந்தோம்."

பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வடமலை அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தான். காரின் சக்கரம், பொம்மையின் காது, பம்பரத்தின் பாதி. மேகலைக்குக் கொடுக்க ஒன்றுமில்லையே என்று கையால் கிளறினான். அப்போதுதான் அவன் மனசில் அந்த வெளிச்சம் பட்டது.

"மச்சான், உடைஞ்சது இனிமே உடையாதுல்ல?"

கொத்தாளம் ஒரு சக்கரத்தை எடுத்து மறுபடி தட்டினான். அது உடையவில்லை. ஆண்டியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னைவிடச் சின்னதாவும் ஆயிருக்கே மாப்ள!" என்றான் கொத்தாளம்.

ரகமத்துல்லா பாய் நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவர். மெல்ல எழுந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உடையுற சாமான்னா ஒரு விலை. உடையாததுன்னா கொஞ்சம் கூட ஆகும்."

"நர்ஸம்மா கம்மியா வாங்கச் சொல்லிருக்கு" என்றான் வடமலை.

"அப்பச் சரி. நான் இன்னும் கூடச் சொல்லலாம்னு இருந்தேன். உங்களுக்காகக் கம்மி பண்றேன்."

பேரம் படிந்ததில் மூவருக்கும் பெருமை. "ஒரே மாதிரி இருக்கணுமே?" என்று வடமலை கேட்டான். ஆண்டியப்பன் குவியலின்மேல் குனிந்து பார்த்து, "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது" என்றார். அதுவும் தீர்ந்தது.

நாக்கு மட்டும் பாக்கி. முழுங்க முடியாததுதான் வேண்டும் என்பதால், முழுங்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வடமலை சக்கரத்தை வாயில் போட்டான். கண் பிதுங்கியது. கொத்தாளம் முதுகில் குத்தியதும் வெளியே வந்தது. தேறியது. பொம்மைக் காதும் அப்படியே தேறியது. கடைசியில் ஊதலை எடுத்தான். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"ஊதல் ஆகாது" என்று தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தான். விக்கல் வந்தது. உள்ளேயிருந்து, "பீ" என்றது.

திரும்பிப் போகும் பஸ்ஸில் சங்கடம் தொடங்கியது. அந்த டிரைவர் முப்பது வருஷமாக ரோட்டைப் பார்த்து ஓட்டியவர் அல்ல, விசில் கேட்டு ஓட்டியவர். ஒரு விசில் கேட்டால் அவர் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். இரண்டு கேட்டால் வண்டி கிளம்பும். வடமலைக்கு விக்கல். "பீ." பஸ் நின்றது. யாரும் இறங்கவில்லை. "பீ, பீ." பஸ் கிளம்பியது.

"யாருய்யா விசிலடிக்கிறது?" என்று கத்தினார் கண்டக்டர்.

"யாரும் அடிக்கலைங்க. நம்ம மாப்ளக்கு உள்ள இருந்து வருது" என்றான் கொத்தாளம் பணிவாக.

அடுத்த மைல் கல் வருவதற்குள் பதினேழு இடத்தில் நின்றதும், மூட்டையோடு மூவரையும் இறக்கிவிட்டார்கள்.

ஊசி போடும்வரை பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது என்பதால், மூட்டையைப் பிள்ளைகள் எட்டிப் பார்க்காத இடத்தில் ஒளித்து வைத்தார்கள், அதாவது, பள்ளிக்கூடத்தில். அப்படியும் கொத்தாளத்துக்கு நிம்மதியில்லை. வியாழக்கிழமை தெருத்தெருவாகத் தமுக்கடித்தான்: "நாளைக்கு ஊசி போட வர்றாங்க! விளையாட்டுச் சாமான் எதுவும் வாங்கி வைக்கலை! யாரும் ஆசையா வரவேணாம்!"

பிள்ளைகள் சொன்ன சொல் கேட்டன. வெள்ளிக்கிழமை புங்கமரத்தடியில் எஸ்தரும் ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியும் மட்டும் இருந்தார்கள்.

"எங்கண்ணே பிள்ளைங்க? எங்க சாமான்?"

மூட்டையை அவிழ்த்துக் காட்டினார்கள். எஸ்தர் ஒரு பொம்மைக் காதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இதைப் பிள்ளைங்க கையில கொடுத்தா கையைக் கீறிக்கும், அதுக்கு வேற நான் ஊசி போடணும்" என்று சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியை மூடத் தொடங்கினாள்.

வடமலை முந்திரித் தோப்புக்கு ஓடினான். மரம் மரமாய்ப் பிள்ளைகள் காய்த்திருந்தன. உச்சிக் கிளையில் மேகலை.

"கண்ணு, இறங்கி வா தாயி! நர்ஸம்மா போயிடும்!"

"மாட்டேன்! வலிக்கும்!"

"அப்பா சொன்னாக் கேக்கணும்..." ஓடிவந்த மூச்சும் பயமும் சேர்ந்து விக்கல் பிடித்துக்கொண்டது. பீ. பீ. பீ.

கிளைகளுக்கு நடுவிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"அப்பா, உள்ள என்ன வச்சிருக்க?" என்றாள் மேகலை, ஒரு கிளை இறங்கி.

"ஒண்ணுமில்ல. பீ."

அவள் இறங்கி வந்து ஒற்றை விரலால் அவன் வயிற்றை அமுக்கினாள். "பீ" என்றது. சிரித்தாள். மரங்கள் உதிர்ந்தன. எல்லாப் பிள்ளைகளும் அவனைத் துரத்திக்கொண்டு புங்கமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"நில்லுங்க!" என்றான் கொத்தாளம். "ஊசிக்கு முன்னால பொம்மையைக் கண்ணுல காட்டக் கூடாது." வடமலையின் தலையில் சாக்கைக் கவிழ்த்தான். "ஒரு ஊசிக்கு ஒரு அமுக்கு. எல்லாருக்கும் ஒரே பொம்மை. உடையாது. முழுங்க முடியாது."

"சின்னதா இருக்கணுமே?" என்றார் ஆண்டியப்பன்.

கயிற்றைப் பிடித்துப் பார்த்தார்கள். வடமலை பெரிசாக இருந்தான். சட்டம் சட்டந்தான். பஸ் நிற்குமிடத்தில் தென்னங்கன்றுக்குத் தோண்டிய குழி ஒன்று இருந்தது. அதை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கி, தொப்புளுக்குக் கீழே புதைய அவனை இறக்கினார்கள். மறுபடி அளந்தார்கள். முடிச்சுக்கு ஒரு விரல் குறைவு. கை தட்டினார்கள்.

"விசிலையா முழுங்கினீங்க?" சாக்குக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு எஸ்தர் பதறிப்போனாள். "அண்ணே, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், வெளையாட்டில்ல!"

"மேகலைக்கு ஊசி போட்டுட்டுப் போறேன் தாயி" என்றது சாக்கு.

எஸ்தர் மற்ற எதையும் கவனிக்காமல் ஊசி போட்டாள். போட்டுக்கொண்ட பிள்ளை அழத் தொடங்குமுன் குழியருகே ஓடி, ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, அழ மறந்து போனது. மேகலைக்கு இரண்டு கையிலும் ஒவ்வொன்று. முதல் ஊசிக்கு உதட்டைக் கடித்தாள், இரண்டாவதற்கு ஓர் அழுகை அழுதாள். அழுகை கேட்டதும், இரண்டும் போட்டாகிவிட்டது என்று சாக்குக்குள் வடமலைக்கு மனம் குளிர்ந்தது.

அந்நேரம் பஸ் வரும் சத்தம் கேட்டது. "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று எஸ்தர் கத்தினாள். யாரும் எதுவும் செய்வதற்குள் வடமலைக்கு விக்கல் வந்தது. "பீ." டிரைவரின் கால் பிரேக்கை மிதித்தது. பஸ் நின்றது.

நாலு பேர் சேர்ந்து அவனைக் குழியிலிருந்து தூக்கி, மண்ணைத் தட்டி, சாக்கை உருவினார்கள். படியில் ஒரு காலை வைத்தான்.

"அப்பா!" மேகலை ஓடிவந்தாள். "எனக்கு ரெண்டு ஊசி. ரெண்டு அமுக்கு பாக்கி!"

நியாயந்தானே என்று வடமலை காலை எடுத்துக் கீழே வைத்து, சட்டையைத் தூக்கி நின்றான்.

அவள் ஆசையாக அமுக்கினாள். "பீ, பீ."

பஸ் போய்விட்டது.

எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதுவரை பொம்மையை இப்படிப் பெரிசாக வெளியே விட்டுவைப்பது முறையில்லை என்று சொல்லி, வடமலையைத் திரும்பக் குழிக்குள் இறக்கி வைத்தார்கள்.