வலி காலில் மட்டும்தானா?

உச்சிவேளை வரை பனி விலகாத ஒரு காட்டில் வெட்டுப்பல்லன் என்ற காட்டுப்பன்றி இருந்தது. அதன் பல்லைக் கண்டால் சிறுத்தையே ஒதுங்கி வழிவிடும். அந்தப் பெருமை வெட்டுப்பல்லனுக்குத் தலைக்கேறியிருந்தது, குழந்தைகளே.

ஒருநாள் கிழங்கு தோண்டும்போது அதன் முன்னங்காலில் ஒரு முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. மறுநாள் அந்த இடம் மட்டும் சிவந்தது, வீங்கியது, தொட்டால் சுட்டது.

அதன் முதுகில் உண்ணி பொறுக்கும் மைனா குனிந்து பார்த்தது. "உள்ளே சீழ் கட்டுகிறது. முள்ளைக் கொத்தி எடுத்துவிடுகிறேன். கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்."

"எனக்குப் போய் ஒரு குருவி வைத்தியம் பார்ப்பதா? நாலு பேர் சிரிப்பார்கள். சேறு இருக்கிறது, நீ உன் வேலையைப் பார்" என்றது வெட்டுப்பல்லன்.

பன்றிகளுக்கு எது வந்தாலும் சேறுதான். காலைச் சேற்றில் முக்கிக் காயவிட்டது. காய்ந்த சேறு புண்ணை நன்றாக மூடிக்கொண்டது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.

அன்று பனிக்குள்ளிருந்து ஒரு கழுதைப்புலி வந்து, இருபதடி தள்ளி நின்றது.

"அண்ணா, நொண்டுகிறீர்களே. வலி காலில் மட்டும்தானா?"

"காலில் மட்டும்தான். ஏன் கேட்கிறாய்?"

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பனிக்குள்ளேயே போய்விட்டது.

அடுத்த நாளும் வந்தது. இந்தத் தடவை பத்தடியில் நின்றது. அதே மெல்லிய குரல், அதே கேள்வி.

"காலில் மட்டும்தான்" என்றது வெட்டுப்பல்லன்.

"பசியெல்லாம் எடுக்கிறதா, அண்ணா?"

"நன்றாக எடுக்கிறது."

கழுதைப்புலியின் முகம் வாடியது. அதை வெட்டுப்பல்லன் பார்த்தது. ஏன் வாடியது என்றுதான் யோசிக்கவில்லை.

மைனா விடவில்லை. "சீழ் இன்றுகூட என் அலகுக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. நாளைக்கு எப்படியோ, சொல்ல முடியாது."

"அந்தக் கழுதைப்புலி எவ்வளவு அன்பாக விசாரிக்கிறது. நீ பயமுறுத்தத்தான் வருகிறாய்" என்று முதுகைச் சிலிர்த்து மைனாவை விரட்டியது வெட்டுப்பல்லன்.

மூன்றாம் நாள் வெட்டுப்பல்லனுக்குக் கால் வலி நினைவே இல்லை. உடம்பு முழுவதும் கொதித்தது. கொதிக்கிற உடம்பு குளிரில் வெடவெடத்தது. நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. கிழங்கின் வாசம் குமட்டியது. தினமும் தண்ணீர் குடிக்கும் ஓடை எந்தப் பக்கம் என்றே மறந்துபோயிற்று. அப்போதுதான் அதற்குப் பயம் வந்தது.

"மைனா, முள்ளை எடுத்துவிடு" என்றது. குரல் எழும்பவில்லை.

மைனா சேற்றைக் கொத்தி உடைத்து முள்ளை எடுத்தது. சீழ் வழிந்தோடியது. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

"எடுத்துவிட்டாயே, பிறகும் ஏன் குளிர்கிறது?"

"ஓரிடத்தில் இருந்தவரை கொத்தி எடுத்திருப்பேன். இப்போது அதன் விஷம் உன் இரத்தத்தோடு உடம்பெல்லாம் ஓடுகிறது. நான் எங்கே கொத்துவேன்?" மைனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

புதர் அசைந்தது. கழுதைப்புலி வந்து, பக்கத்திலேயே உட்கார்ந்தது.

"இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்றது வெட்டுப்பல்லன்.

"தேவையில்லை, அண்ணா. நடுங்குகிறீர்களே."

பனிக்குள்ளிருந்து அதன் உறவெல்லாம் ஒவ்வொன்றாக வந்து வட்டமாக உட்கார்ந்தன. யாருக்கும் அவசரமில்லை. வெட்டுப்பல்லன் எழுந்து பல்லைக் காட்டப் பார்த்தது. கால் ஊன்றியது, உடம்புதான் எழவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, கடமான் ஒன்றின் குளம்பிடுக்கில் முள் ஏறியது. பனிக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"அக்கா, வலி காலில் மட்டும்தானா?"

கடமான் மூன்று காலில் நொண்டிக்கொண்டு நேரே மைனா இருந்த மரத்தடிக்குப் போய், காலை நீட்டியது.

நீதி: நோய் ஓரிடத்தில் இருக்கும்போதே கவனித்துவிடு; உடம்பெங்கும் பரவியபின் புண்ணை மட்டும் ஆற்றிப் பயனில்லை.