கீழ்ப்பாறைக்காரன்

எந்த ராஜா ஆண்டான் என்பதுகூட மறந்துபோன அந்தக் காலத்தில், ஓர் ஆற்றங்கரையில் மீன்பிடிக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. வலை வீச முடியாத பாறை ஆறு அது. சங்கைச் சின்ன மீன்போலச் செதுக்கி, வயிற்றில் இரும்பு முள் வைத்து, கயிற்றில் கட்டி எறிவார்கள். அதற்குப் பொய்மீன் என்று பெயர். பெரிய மீன் ஏமாந்து கவ்வும். பளபளப்பைக் கண்டால் வாய் திறப்பதில் மீனும் நம்மைப்போலத்தான்.

அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு. வீட்டுக்கு ஒரு பாறை. அடுத்தவன் பாறையில் கால் வைக்கக் கூடாது. ஒரு பாறையில் ஒதுங்குவது எதுவும் அந்தப் பாறைக்காரனுக்கே சொந்தம்.

மேல்பாறை கொம்பையனுடையது. நீர் ஓடுகிற பக்கம் கீழ்ப்பாறை. அது அவன் மனைவி நாச்சியின் தம்பி வீரணனுடையது. நடுவில் மூழ்கிப்போன மருதமரம் கிடந்தது.

மூன்று வருடத்துக்கு முன் வீரணனின் பொய்மீன் அந்த மரத்தில் மாட்டியது. விடுவிக்கும் அவசரத்தில் மேல்பாறையில் ஏறிவிட்டான். கொம்பையன் சும்மா விட்டானா? ஊரைக் கூட்டி, எல்லார் முன்னாலும் மைத்துனனை மண்ணில் விழுந்து கும்பிட வைத்தான். அன்றோடு பேச்சு நின்றது. நாச்சிக்குப் பிறந்த வீடே இல்லாமல் போயிற்று.

ஐப்பசி பிறந்தது. முள் செய்து தரும் கொல்லன் இனித் தை மாதம்தான் வருவான். கொம்பையனிடம் இருந்தவை மூன்று பொய்மீன்கள். முதலாவது மருதமரத்தில் மாட்டியது. பலமாக இழுத்தான், கயிறு அறுந்தது. இரண்டாவது மாட்டியது. இன்னும் பலமாக இழுத்தான், அதுவும் போயிற்று. பிறகு மூன்றாவதும் மாட்டியது.

அதுவும் போனால் தை வரை வீட்டில் அடுப்பு எரியாது. பிள்ளைகள் மூன்று பேர். மரத்தைச் சுற்றி வெள்ளம் சுழிக்கிற மடுவில் இறங்கினால் உயிர் மிஞ்சாது.

காலையில் கண்டது அப்போது கொம்பையனுக்கு நினைவு வந்தது. நாச்சியின் சேலை இலந்தை முள்ளில் மாட்டியது. அவள் இழுக்கவில்லை. செடிப்பக்கமே ஓரடி பின்வாங்கி, தளர்த்தி, மறுபக்கமாக எடுத்தாள். சேலை கிழியவில்லை.

இங்கே மறுபக்கம் என்றால் கீழ்ப்பாறை. அங்கே வீரணன் தூண்டில் வீசிக்கொண்டிருந்தான்.

கொம்பையனை வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் கயிற்றைத் தளரவிட்டு, தன் கையில் இருந்த நுனியில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி ஆற்றில் விட்டான்.

"மாப்ள, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. இந்தக் கயித்தை உன் பக்கமா இழுத்துக் குடு."

வீரணன் அசையவில்லை. குடுக்கை மிதந்து வந்து, அவன் காலடியைக் கடந்து போகப் பார்த்தது. சட்டென்று குனிந்து எடுத்தான். ஒரே சுண்டு. முள் புகுந்த வழியே வெளியே வந்தது.

பொய்மீன் இப்போது கீழ்ப்பாறையில். கட்டுப்பாட்டின்படி அது வீரணனுடையது.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கரையோரமாக நடந்து வந்து, மேல்பாறையில் கால் படாமல் நின்று, கையை நீட்டிக் கொடுத்தான். இன்னொரு கையில் தன் தூண்டில் கயிறு. அதன் நுனியில் ஒரு கூழாங்கல்தான் இருந்தது.

"என்னோட மூணும் இதே மரத்துலதான் போச்சு மச்சான். உன் பக்கமிருந்து இழுத்தா வந்திருக்கும். கூப்பிட வாய் வரல. ஊர் சிரிக்குமேன்னு ஒரு மாசமா கல்லை எறிஞ்சுக்கிட்டு நிக்கிறேன்."

கொம்பையனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு மாதமாகத் தன் கண்ணெதிரே ஒரு குடும்பம் பட்டினி கிடந்திருக்கிறது. பொய்மீனை வாங்காமல், நீட்டிய அந்தக் கையைப் பிடித்தான்.

"ஏறி வா மாப்ள" என்றான்.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு பொய்மீனில் இரண்டு வீட்டு அடுப்புகளும் எரிந்தன. மருதமரத்தில் அது எத்தனையோ தடவை மாட்டியது. ஒரு தடவைகூடத் தொலையவில்லை.

மாட்டிக்கொண்டதை மீட்க வேண்டுமானால், வீம்பாக இழுப்பதை விட்டுவிட்டு, பிடியைத் தளர்த்தி, எதிர்ப்பக்கம் நிற்பவரை உதவிக்கு அழைக்க வேண்டும்.