அரைக்கிணற்று டாக்டர்

கோவில்பட்டிக்குத் தெற்கே, பஸ் போகிற தடத்தை விட்டு உள்ளே தள்ளி, அரைக்கிணறு என்று ஓர் ஊர் உண்டு. அந்தக் காலத்தில் அங்கே கிணறு வெட்ட வந்த மேஸ்திரி, "பாதி ஆழம் வெட்டினதும் எனக்குச் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுத் தன் ஊருக்குப் போனார். பாதி வெட்டியதும் ஆள் அனுப்பினார்கள். மேஸ்திரி வீடு பூட்டிக் கிடந்தது. போனவன் பூட்டிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். அன்றிலிருந்து மேஸ்திரி வருவார் என்று ஊர் காத்திருக்கிறது. அவர் செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது என்பதும் ஊருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அந்த ஊரில் பிளஸ் டூ பாஸான முதல் ஆள் கொம்பையா. தன் மூளையைப் பற்றி அவனுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. "நான் பாஸானது ஊருக்கு ஆச்சரியம். எனக்கு அதிர்ச்சி" என்று அவனே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆனால் டாக்டராக வேண்டும் என்ற ஆசை மட்டும் அவனுக்கு ஏழு வயசிலிருந்து இருந்தது.

அந்த வயசில், முளைக்கிறதா பார்ப்போம் என்று ஒரு நிலக்கடலையைக் காதுக்குள் போட்டுக்கொண்டான். டவுன் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர் ஒரு சுற்றுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் சுற்றிக் காதைப் பார்த்தார், அந்தப் பக்கம் சுற்றி மருந்து எழுதினார், பின்னால் சுற்றிக் கையைக் கழுவினார். எழுந்திருக்கவே இல்லை. கடலை வெளியே வந்தது. நாற்காலி கொம்பையாவின் மனசுக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

இப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை தபாலில் படிவம் ஒன்று வந்தது. டாக்டர் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மருத்துவக் கல்லூரி ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. படித்து முடித்ததும் சொந்த ஊரிலேயே வந்து வைத்தியம் பார்க்க வேண்டும். டாக்டராக ஏன் விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். நல்ல பதிலுக்கு இடம்.

அரைக்கிணற்றுக்கு டாக்டர் எவ்வளவு அவசியம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. போன ஐப்பசியில் டீக்கடை ஆவுடையம்மாளைத் தேள் கொட்டியபோது பஸ் வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அவள் துடித்ததை ஊரே சுற்றி நின்று பார்த்தது. பார்ப்பதைத் தவிர என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொம்பையா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. அதனால் படிவம் வந்தது அவன் பேருக்கு என்றாலும், ஊர் முழுக்க அதைத் தன் படிவமாகவே நினைத்தது.

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஆலோசனை கூடியது. தொட்டி ஆபரேட்டர் சங்கரபாண்டிதான் தலைமை. ஊரில் உத்தியோகம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அவர் ஒருவருக்குத்தான். கூட, ஆடு மேய்க்கிற நல்லபெருமாள். ஆள் தேக்கு மரம் மாதிரி இருப்பான். சங்கரபாண்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்துக்குக் கீழே இருந்த குறிப்புகளை வாசித்தார்.

"உண்மையை மட்டும் எழுதவும். நேரில் கண்ட நோயாளி ஒருவரைப் பற்றி எழுதவும். நோயாளியின் இடத்தில் இருந்து எண்ணிப் பார்த்து எழுதவும். பிறர் உதவியின்றி எழுதவும்." கண்ணாடியைக் கழற்றினார். "ஏல கொம்பையா, உண்மையைச் சொல்லு. நீ ஏன் டாக்டராகணும்?"

கொம்பையா தலையைச் சொறிந்தான். "நாற்காலி அண்ணாச்சி. சுத்துற நாற்காலி."

நல்லபெருமாள் சங்கரபாண்டியைப் பார்த்தான்.

"அது உண்மைதான்" என்றார் சங்கரபாண்டி. "ஆனா எழுதுத உண்மை இல்ல. எழுதுததுக்கு வேற உண்மை வேணும்."

"என்கிட்ட இருக்கிறதே அந்த ஒண்ணுதான் அண்ணாச்சி."

"ஆவுடையம்மா மதினியைத் தேள் கொட்டுனதை எழுதச் சொன்னா என்ன?" என்று நல்லபெருமாள் கேட்டான்.

சங்கரபாண்டி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நோயாளின்னுல்லா போட்டிருக்கு. மதினி நோயாளியா? தேள்கடியாளி. அதுக்குப் படிவத்துல இடமே இல்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள். கொம்பையா எல்லாரையும்விட வேகமாக ஆட்டினான். ஊரில் அப்போது நோயாளியே கிடையாது. அத்தனை பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். கொம்பையாவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது படுத்தால்தான் அவன் டாக்டராக முடியும்.

"நான் வேணா படுத்துக்கிடுதேன்" என்றான் நல்லபெருமாள். "ஆடு தானா மேயுது."

"சும்மா படுத்தா அது பொய்யி. நெசமாவே காய்ச்சல் வரணும்" என்றார் சங்கரபாண்டி. "மழையில நனைஞ்சா காய்ச்சல் வரும். மழைக்கு நான் ஏற்பாடு பண்ணுதேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் தொட்டிக் குழாயைத் திறந்து நல்லபெருமாளை அதன் அடியில் நிறுத்தினார்கள். கொம்பையா நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்து, மனசு உருகத் தயாராக இருந்தான். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்துபோய் நல்லபெருமாளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சாயங்காலம் தொட்டி காலியாகி, குழாய் நின்றது. நல்லபெருமாள் இடுப்பை இப்படியும் அப்படியும் வளைத்தான்.

"ஏ, மூணு வருஷத்து இடுப்பு வலி போயே போச்சுல!"

கொம்பையா அழுதுவிட்டான்.

"இப்ப அழுதியே, அதைக் குறிச்சுக்கோ" என்றார் சங்கரபாண்டி. "அது உண்மை."

தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போனதால், மறுநாள் ஆவுடையம்மாள் டீக்கடைக்குத் தண்ணீர் எடுக்க அடுத்த ஊருக்குக் குடத்தோடு போனாள். நாலு நடை நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானம் உடம்பு அனலாகக் கொதிக்க, கடையைச் சாத்திவிட்டுக் கட்டிலில் விழுந்தாள்.

"கடவுள் கண்ணைத் திறந்துட்டார்" என்று சங்கரபாண்டி ஓடி வந்தார். மூன்று பேரும் ஆவுடையம்மாள் வீட்டுக்குப் பாய்ந்து போனார்கள்.

"மதினி, கொஞ்சம் எந்திரிங்க" என்றான் கொம்பையா. "நான் உங்க இடத்துல இருந்து எண்ணிப் பாக்கணும். படிவத்துல போட்டிருக்கு."

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. எழுந்தாள். கொம்பையா கட்டிலில் படுத்து, அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"நான் எங்கல போய்ப் படுக்க?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

சங்கரபாண்டி குறிப்புகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அதைப் பத்தி ஒண்ணும் போடல மதினி."

நோயாளியைப் பார்க்க ஊர்ச்சனம் வந்தது. ரொட்டியும் சாத்துக்குடியும் கொண்டு வந்தார்கள். கட்டிலில் யார் படுத்திருக்கிறார்களோ அவர்களிடம்தானே கொடுக்க முடியும்? கொம்பையா மரியாதையாக வாங்கிச் சாப்பிட்டான். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று ஆவுடையம்மாள் அடுப்பைப் பற்ற வைத்து இருபத்து மூன்று பேருக்கு டீ போட்டாள். படிவத்தில் போட்டிருந்தபடி கொம்பையா ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். பத்து வரைக்கும் எண்ணியது அவனுக்கு ஞாபகம் இருந்தது. அப்புறம் நன்றாகத் தூங்கிவிட்டான்.

அவன் கண்ணை விழித்தபோது, ஆவுடையம்மாள் வேர்த்து விறுவிறுக்க டீக் கரண்டியோடு நின்றாள். அடுப்பு வெக்கையில் வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் விட்டுப் போயிருந்தது. தெம்பு முழுசாகத் திரும்பியிருந்தது. கரண்டி முதுகில் மூன்று முறை விழுந்ததில் கொம்பையாவுக்கே அது புரிந்தது.

தெருவில் ஓடிக்கொண்டே அவன் புலம்பினான்: "என் ராசியைப் பாத்தீங்களா அண்ணாச்சி? நான் கிட்ட போனாலே ஆளுக பிழைச்சிருதாங்க. இந்த லட்சணத்துல நான் எப்படி டாக்டராவேன்?"

சங்கரபாண்டியும் நல்லபெருமாளும் பின்னாலேயே ஓடினார்கள்.

வியாழக்கிழமை எழுதியே ஆக வேண்டும். பிறர் உதவி கூடாது என்பதால், யாரும் உதவாமல் பார்த்துக்கொள்ள ஊரே வந்து அவனைச் சுற்றி உட்கார்ந்தது. அவன் உட்கார்ந்திருந்த பலகை ஒரு பக்கம் சாய்ந்தது, யாரும் பிடிக்கவில்லை. கொம்பையா கீழே விழுந்தான்; யாரும் தூக்கவில்லை. இரண்டு வரி எழுதியதும் பேனாவில் மை தீர்ந்தது.

"யாராவது ஒரு பேனா தாங்களேன்."

அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"என் சட்டைப்பையில பேனா இருக்கு" என்றார் சங்கரபாண்டி. "ஆனா நான் அதைச் சொல்ல மாட்டேன். சொன்னா உதவியாயிரும்."

"நானா எடுத்துக்கிட்டா?"

"அது திருட்டு."

"திருட்டு உதவியில சேருமா?" என்று நல்லபெருமாள் கேட்டான். இதைப் பற்றி அரை மணி நேரம் விவாதம் நடந்தது. சேராது என்று முடிவாயிற்று. சங்கரபாண்டி கண்ணை மூடிக்கொண்டார். கொம்பையா பேனாவைத் திருடினான். திருட்டு முடிந்ததா என்று கேட்டு, ஆமாம் என்றதும் அவர் கண்ணைத் திறந்தார்.

எழுதுகிற உண்மை எதுவும் கைவசம் இல்லாததால், அவன் எழுதாத உண்மையையே எழுதினான்:

"ஐயா, நான் டாக்டராக விரும்புவது சுற்றுகிற நாற்காலிக்காக. இது கேவலமான காரணம் என்று எனக்குத் தெரியும். நல்ல காரணம் ஒன்று உண்டாக்க இந்த வாரம் பூராவும் முயன்றேன். ஓர் ஆளை நனைத்தேன், அவருக்கு இடுப்பு வலி போய்விட்டது. ஒரு நோயாளியின் இடத்தில் படுத்தேன், சுகமாக இருந்தது, அடி விழுந்தது. இந்தப் பேனா திருட்டுப் பேனா. நான் கெட்டிக்காரன் இல்லை. எங்கள் மதினியைத் தேள் கொட்டியபோது நானும் நின்று பார்த்தேன். அன்றைக்கு எனக்கு ஏதாவது தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அது நோய் இல்லை என்பதால் இங்கே அதை எழுதக் கூடாது. எழுதியதற்கு மன்னிக்கவும். பக்கம் முடிந்துவிட்டது."

தபாலில் போட்டுவிட்டு வந்து, தெருக்கோடியில் தனியாக உட்கார்ந்துகொண்டான். நாற்காலி போயிற்று என்றே நினைத்தான். ஊருக்கும் இனிமேல் டாக்டர் கிடையாது, தன்னால்தான் கிடையாது என்று நினைத்து அன்றைக்கும் சோறு சாப்பிடவில்லை.

அந்தக் கல்லூரியில் என்ன நடந்தது என்பது அப்புறம்தான் தெரியவந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். முந்நூற்றுப் பதினொரு கடிதங்களில் தாத்தா பேரன் மடியில் தலை வைத்து உயிரை விட்டிருந்தார். வாசித்துப் பார்த்த பேராசிரியர்கள் மூன்று பேரும் தாத்தாக்களால் களைத்துப் போயிருந்த நேரத்தில் கொம்பையாவின் கடிதம் வந்து சேர்ந்தது. சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறிவிட்டது. தேள் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. உடனே கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. கொம்பையாவுக்கு இடம் கிடைத்துவிட்டது! நல்லபெருமாள் அவனைத் தோளில் தூக்கிவைத்துச் சுற்றினான். "இப்போதைக்கு இதை நாற்காலின்னு வச்சுக்கோல!" என்றான். ஆவுடையம்மாள் அடித்த முதுகைத் தடவிக்கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அரைக்கிணற்றில் அப்படி ஒரு சந்தோஷத்தை யாரும் பார்த்ததில்லை.

கடிதத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்த சங்கரபாண்டிக்குக் கடைசி வரியில் குரல் இறங்கியது. "சேர வரும்போது, தங்கள் ஊர் டாக்டரிடம் உடல்தகுதிச் சான்று வாங்கி வரவும்."

நல்லபெருமாள் சுற்றுவதை நிறுத்தினான்.

"டவுன் டாக்டர்கிட்ட வாங்கிக்கிட்டா என்ன?" என்றாள் ஆவுடையம்மாள்.

"அவர் டவுன் டாக்டர் மதினி. தங்கள் ஊர் டாக்டர்னுல்லா போட்டிருக்கு."

"அப்ப நம்ம ஊர் டாக்டர் யாரு?"

எல்லாரும் நிமிர்ந்து தோளில் இருந்த கொம்பையாவைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றான் கொம்பையா. "ஆனா இன்னும் ஆகல."

தோளிலிருந்து மெதுவாக இறங்கினான். கைக்கு வந்த நாற்காலி தூரத்தில் போய்ச் சுற்றுகிற மாதிரி இருந்தது. வெகுநேரம் யோசித்தான். சட்டென்று முகம் தெளிந்தது. சங்கரபாண்டியின் பேனாவை மறுபடியும் திருடி, அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தான்:

"ஐயா, இடம் கொடுத்ததற்கு நன்றி. எங்கள் ஊர் டாக்டர் நான்தான். நான் படித்து முடித்து வந்ததும், முதல் வேலையாக என் உடம்பை நானே சோதித்துச் சான்று எழுதி வாங்கிக்கொண்டு, உங்கள் கல்லூரியில் படிக்கச் சேருகிறேன். அதற்கு ஐந்தரை வருஷம் ஆகும். அதுவரைக்கும் என் இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம்."

ஊர் கைதட்டியது. இப்படி ஒரு மூளை இந்த ஊரில் இருந்ததே என்று ஆவுடையம்மாள் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சங்கரபாண்டி மட்டும் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அஞ்சரைன்னு எழுதாதல. நடுவுல ஒரு பேப்பர்ல பெயிலாயிட்டா என்ன செய்வ? எதுக்கும் ஆறுன்னு போடு."